மூக்கு ஒரு முறைதான் சொல்லும்

குடோன்களில் மருந்து வைக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். உங்கள் இடுப்பில் தொங்குகிற அந்தச் சின்ன மீட்டரை நேற்று வாங்கிப் பார்த்தேன். துளி வாயு கசிந்தாலும் கீச்சென்று கத்துமாம். அருமையான சாமான். எங்களுக்கு அது கிடைத்திருந்தால் நான் எத்தனையோ நாள் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அதனால், பழைய காலம் போல வருமா என்று நான் மூக்கால் அழப்போவதாக நினைத்து இப்போதே கொட்டாவி விட வேண்டாம். அந்தக் காலத்தில் வேலை செய்தவனுக்குத்தான் தெரியும், அதில் திரும்பி வர வேண்டியது ஒன்றுமில்லை என்று.

ஆனால் எனக்குப் பெருமை உண்டு. அதை ஒளித்துவைக்கிற குணம் என்னிடம் இல்லை. மட்டாஞ்சேரியிலும் கொச்சங்காடியிலும் கும்பலைக் கூட்டிக்கொண்டு நான் மருந்து வைத்த காலம் முழுக்க, எங்கள் வாயுவால் ஒரு உயிர் போனதில்லை. என் ஆட்களிலும் இல்லை, அக்கம்பக்கத்திலும் இல்லை. இதைச் சொல்லும்போது என் நெஞ்சு நிமிர்கிறது என்றால் நிமிரட்டும். அதற்குத்தானே உழைத்தேன்.

ஒரு முறை அந்தக் கணக்கு தவற இருந்தது. அதைத்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். நான் பள்ளுருத்தியில் பிறந்த தமிழன், படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். எழுத்துப் பிழை இருந்தால் என் மகள் திருத்தியிருப்பாள். விஷயத்தில் பிழை கிடையாது.

தொழில் முறை உங்களுக்கே தெரியும். மிளகும் சுக்கும் கப்பலேறும் முன் வண்டு சாக வேண்டும். குடோனை அடைத்து, இடுக்கிலெல்லாம் மைதாப் பசையால் பத்திரிகைத் தாள் ஒட்டி, உள்ளே மாத்திரை வைப்போம். காற்றின் ஈரம் பட்டால் மாத்திரை வாயுவை விடும். சில நாள் அப்படியே கிடக்கும். பிறகு திறந்து காற்றாட விடுவோம். இதற்குமேல் தொழிலைப் பற்றிச் சொல்லமாட்டேன். நான் சொல்ல வந்தது உங்கள் உடம்பைப் பற்றி. மூக்கும் கண்ணும் நெஞ்சும் நமக்காக வேலை செய்கிறவை. ஆனால் அவையும் வேலைக்காரர்கள்தான். சில நேரம் தூங்கிவிடும்.

எனக்கு இதைக் காட்டிக்கொடுத்தவர் எங்கள் மூப்பன். கும்பலின் தலைவரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். எல்லோருக்கும் அவர் மூப்பன்தான், வீட்டுக்காரம்மாகூட அப்படித்தான் கூப்பிட்டதாகக் கேள்வி. சிரிக்கத் தெரியாத மனிதர்.

ஒரு நாள் படகுத்துறையில் வெகுகாலமாக மூடிக்கிடந்த ஒரு இரும்புப் படகில் எலி மருந்து வைக்கக் கூப்பிட்டார்கள். மூடியைத் திறந்ததும் எங்களில் ஒருவன் தலையை நீட்டி மோந்து பார்த்தான். "ஒரு நாத்தமும் இல்ல மூப்பா, நல்ல காத்து. எறங்கட்டா?" என்று காலையும் உள்ளே விட்டுவிட்டான். மூப்பன் அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டார். எரிகிற ராந்தலைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கினார். பாதி ஆழம் போனதும் விளக்கு அணைந்தது. காற்றில் படபடத்து அணையவில்லை, யாரோ திரியைக் கிள்ளி எடுத்த மாதிரி போய்விட்டது.

"டேய், வெளக்குக்கு மூக்கு இல்ல. அதனால அது பொய் சொல்லாது" என்றார் மூப்பன்.

உள்ளே இருந்த இரும்பு துருப்பிடித்துத் துருப்பிடித்து, காற்றில் இருந்த உயிர்வாயுவைத் தின்று தீர்த்திருந்தது. மிச்சம் இருந்தது வெறும் காற்று. அதில் இறங்கியவனுக்கு மூச்சு முட்டியிருக்கும், உடனே ஏறிவந்திருப்பான் என்றுதானே நினைக்கிறீர்கள்? அங்கேதான் உடம்பு நம்மை ஏமாற்றும். பிற்பாடு ஒரு டாக்டர் எனக்கு விளக்கினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தால் நெஞ்சு தவிக்கிறதே, அந்தத் தவிப்பு பெரும்பாலும் உயிர்வாயு குறைந்ததால் வருவதில்லை. உள்ளே கரியமில வாயு சேர்வதால் வருகிறது. வெளியே விடு, வெளியே விடு என்றுதான் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அந்தப் படகுக்குள் நீங்கள் தாராளமாக மூச்சு விடலாம், வாங்கலாம், கரியமில வாயு சேராது, தவிப்பும் வராது. சுகமாக இருக்கும். லேசாகத் தலை சுற்றும், முழங்கால் மடங்கும், அவ்வளவுதான். கூப்பிடக்கூட வாய் வராது. அவனை எடுக்க இறங்குகிறவனுக்கும் அதே கதிதான்.

அன்றைக்குத்தான் மூப்பன் எனக்குப் புது மூக்கு வழக்கத்தையும் சொன்னார். எங்கள் கும்பலில் மட்டும் இருந்த வழக்கம் அது. மருந்து வைத்த குடோனைச் சுற்றி மோந்து பார்க்க ஒருவன் போவான். போகும் முன் சாயா கிடையாது, பீடி கிடையாது, வெற்றிலை கிடையாது. முதல் தடவை மோந்ததும் என்ன தோன்றியதோ அதுதான் பதில். சந்தேகம் வந்தால் அவன் மறுபடி மோந்து பார்க்கக் கூடாது. அந்தப் பக்கமே வராத வேறு ஒருவனைக் கூட்டிவர வேண்டும்.

"மூக்கு ஒரு தடவதான் சொல்லும். மறுபடி மறுபடி கேட்டா, உனக்குப் பிடிச்சதைச் சொல்லும்" என்பார்.

சட்டை போட்டவுடன் துணி உடம்பில் படுவது தெரிகிறது. சற்று நேரத்தில் சட்டை போட்டிருப்பதே மறந்துபோகிறது. மூக்கும் அப்படித்தான். புதிதாக ஒரு மணம் வந்தால் ஓடிவந்து சொல்லும். அதே மணம் நின்றுகொண்டே இருந்தால், இது எப்போதும் இருப்பதுதானே என்று சொல்வதை நிறுத்திவிடும். மணம் போகவில்லை. மூக்கு போய்விட்டது. இதை மட்டும் மறக்காமல் இருந்தால் நான் சொல்லப்போகும் கதை உங்களுக்குப் புரியும்.

எழுபதுகளின் கடைசியில், நல்ல மழைக்காலம். மூப்பன் ஓய்வு பெற்றுவிட்டார், கும்பல் என் கைக்கு வந்திருந்தது. கொச்சங்காடியில் ஒரு பழைய சுக்குக் குடோனில் மருந்து வைத்திருந்தோம். ஓட்டுக்கூரை, செங்கல்லோடு வெட்டுக்கல் கலந்து கட்டிய தடித்த சுவர். அதன் பின்சுவரை ஒட்டி ஒரு சந்து. சந்தில் வரிசையாக வீடுகள். முதல் வீட்டுக்கும் குடோனுக்கும் சுவர் ஒன்றுதான். சந்தின் எதிர்ப்பக்கம் ஒருவர் வெள்ளைப்பூண்டு கட்டிவைக்கும் கடை. அந்த வட்டாரத்தில் வெளுத்துள்ளிக் கடை என்பார்கள்.

முதல் வீட்டில் இருந்தவள் பாக்கியம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள், சுக்குப் பொறுக்குகிற வேலை. புருஷன் துரை துறைமுகத்தில் சுமை தூக்கினான். அவர்களுக்கு ஒரே பெண், மல்லிகா. அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டிய வயது.

காலை முழுக்க நான் குடோன் கதவுகளை ஒட்டி நடந்து சோதித்துவிட்டுச் சந்துக்குள் வந்தேன். ஒட்டிய தாள் எல்லாம் சரியாக இருந்தது. பாக்கியம் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"முருகேசண்ணே, சாயா குடிக்கியளா?"

"வேலை முடியட்டும்மா."

"உங்க மருந்துக்குப் புண்ணியமாப் போச்சு. வீட்டுல கெடந்த கரப்பான் பூராவும் தானாச் செத்து விழுந்துட்டு. மொறத்துல வாரிக் கொட்டுதேன் பாருங்க" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் மருந்து குடோனுக்குள்தான் இருக்க வேண்டும். அவள் வீட்டுக் கரப்பான் ஏன் சாக வேண்டும்? குனிந்து பார்த்தேன். சுவரோரம் ஒரு பல்லியும் மல்லாந்து கிடந்தது.

"பாப்பா எங்க?"

"படுத்துக் கெடக்கா. நேத்து சந்தையில வாங்கின மத்தி மீன் பழசு போல. வாந்தி எடுத்தா. தலை நோவுதுங்கா. தூங்கினாச் சரியாயிரும்."

வாசலில் நின்று ஒரு முறை மூச்சை இழுத்தேன். பூண்டு மணம். எதிரே பூண்டுக் கடை. அந்தச் சந்தில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள், நானும் அதைத்தான் நினைத்தேன். ஆனால் எங்கள் மாத்திரையின் வாயுவும் பூண்டு போலத்தான் மணக்கும். உலகத்தில் வேறு எங்கேயாவது இந்த மணம் வந்தால் மனிதர்கள் பதறுவார்கள். மசாலாத் தெருவில் பதறமாட்டார்கள். இது மிளகு, இது கிராம்பு, இது பூண்டுக்காரர் என்று ஒவ்வொரு மணத்துக்கும் ஒரு சொந்தக்காரரைச் சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்கள்.

"பாக்கியம், ஏதாவது நாத்தம் அடிச்சுதா?"

"முந்தாநாள் இவ மூக்கைப் பொத்திக்கிட்டு ஒரே கரைச்சல். நாறுது நாறுதுன்னு. வெளுத்துள்ளிதாண்டி, சும்மா கெடன்னு ரெண்டு வச்சேன். நேத்துலேருந்து ஒண்ணும் சொல்லல. இப்ப நாத்தமே இல்லன்னுட்டா. எனக்கும் இல்ல" என்றாள்.

நாற்றம் போகவில்லை, அவர்கள் மூக்குத்தான் போயிருந்தது. இன்னொரு முறை மோந்து பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. இந்தத் தடவை ஒன்றுமே தெரியவில்லை. அட, ஒன்றும் இல்லை போலிருக்கிறதே என்று மனசு உடனே சாய்ந்தது. காலையிலிருந்து குடோன் இடுக்குகளில் சுற்றிய மூக்கு அது, வேலைக்கு ஆகாத மூக்கு. மூப்பன் பக்கத்தில் நின்று காலரைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது.

உள்ளே போய்ப் பிள்ளையைத் தூக்கினேன். இது எல்லாவற்றையும் சொல்வதற்கு நேரமாகிறது, செய்வதற்கு நேரமாகவில்லை. முதலில் ஆளை வெளியே எடு, விசாரணையெல்லாம் பிறகு. வாயுவா பூண்டா என்று அங்கே நின்று யோசிக்கிறவன் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லை.

"என்னண்ணே இது, சோறு அடுப்புல கெடக்கு."

"சோறு கெடக்கட்டும். நீயும் வா. ஓடாத, நடந்து வா."

ஓட வேண்டாம் என்று ஏன் சொன்னேன் தெரியுமா? ஓடினால் நெஞ்சு இன்னும் அதிகக் காற்றை இழுக்கும், அந்தக் காற்றில் விஷம் இருக்கிறது. பிள்ளையையும் நடக்க விடக் கூடாது, தூக்கித்தான் போக வேண்டும்.

காற்று வருகிற பக்கமாகச் சந்து முனைக்குக் கொண்டுபோய், ஒரு கடைத் தாழ்வாரத்தில் கிடத்தினேன். பிள்ளையின் மூச்சை முகத்தில் பார்க்காதீர்கள், வயிற்றில் பாருங்கள். சின்னப் பிள்ளைகள் வயிற்றால்தான் மூச்சு விடுவார்கள். மல்லிகாவின் வயிறு வேகவேகமாக ஏறி இறங்கியது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்கு நடுவே குழி விழுந்தது, மூக்குத் துவாரம் விரிந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

மற்ற வீடுகளையும் காலி செய்யச் சொல்லி என் ஆட்களை அனுப்பினேன். மழையோ கொட்டுகிறது. ஒரே சத்தம். "பச்சப் புள்ளைங்களை மழையில நிறுத்துறானே, இவனுக்கென்ன கிறுக்கா", "வெளுத்துள்ளி மணத்துக்கு வீட்டைக் காலி பண்ணச் சொல்ற முதல் ஆளு இவன்தான்" என்று ஆளுக்கொரு பேச்சு. குடோன் மேனேஜர் குடையைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். நல்ல மனிதர், ஆனால் கப்பல் தேதி கழுத்தைப் பிடித்திருந்தது.

"முருகேசா, எந்தா இது? இப்ப தொறந்தா மருந்து பாதியில போகும். சரக்கு கப்பலேறாது. அது வெளுத்துள்ளி அல்லே? நான் எத்தனை வருஷமா இந்த மணத்தில இருக்கேன்!"

"சார், அதனாலதான் உங்க மூக்கையும் நான் நம்பமாட்டேன். என் மூக்கையும் நம்பல."

எனக்கு ஒரு புது மூக்கு வேண்டும். நான் நினைத்தது தவறாக இருந்தால் வேலை போகும், கும்பலின் பெயரும் போகும். நினைத்தது சரியாக இருந்து சும்மா இருந்தால் அந்தச் சந்தே போகும். அந்த நேரம் பார்த்துத்தான் த்ரேஸ்யா சேச்சி தலையில் மீன்கூடையோடு வந்தார். அக்கரையிலிருந்து படகில் வந்து வீடுவீடாக மீன் விற்கிறவர். அந்த வாரம் முழுக்க மழையால் வராதவர், அப்போதுதான் படகிலிருந்து இறங்கி வருகிறார். மீன்கூடை சுமக்கிறவருக்கு என்ன மூக்கு என்று சிரிக்காதீர்கள். அவர் மூக்கு மரத்துப்போனது மீனுக்குத்தான். மற்றதற்கெல்லாம் அது புத்தம் புது மூக்கு.

"சேச்சி, கூடையை இங்க எறக்குங்க. அந்த வாசல் வரைக்கும் வந்து, ஒரே ஒரு தடவை மோந்து பாருங்க. உள்ள போக வேண்டாம். என்ன மணம்னு மட்டும் சொல்லுங்க."

"எனக்கென்ன கிறுக்கா மோனே, மழையில..." என்று முனகிக்கொண்டே வந்தார். வாசலில் முகத்தை நீட்டி இழுத்தார். உடனே முகத்தைச் சுளித்துக்கொண்டு பின்னால் வந்துவிட்டார்.

"இது கார்பைடு."

"வெளுத்துள்ளி இல்லையா?"

"வெளுத்துள்ளியா! எங்க வீட்டுக்காரன் மீன்படகுல கொளுத்துற கார்பைடு விளக்கு மணம் எனக்குத் தெரியாதா? அதே சாதனம். வெளுத்துள்ளி மாதிரி இருக்கும், ஆனா தொண்டையில பிடிக்கும்."

அவர் சொன்னது சரிதான். கார்பைடு விளக்கில் மணப்பதும் எங்கள் வாயுவின் ஒரு துளிதான். ஆனால் அதை நான் விளக்குவதற்குள் மேனேஜரின் முகம் மாறியது. எதிர்க்கடைப் பூட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஆள் போன மாசமே சரக்கெல்லாம் ஏத்திட்டுப் போயிட்டான்" என்றார் மெதுவாக. "கடை காலி. உள்ள வெறும் சாக்குதான்."

ஒரு தெருவே காலிக் கடையிலிருந்து பூண்டு மணத்தை மோந்துகொண்டிருந்தது. பழக்கம் அவ்வளவு பலமானது.

அதற்குப் பிறகு மேனேஜர் ஒரு வார்த்தை கப்பலைப் பற்றிப் பேசவில்லை. குடோன் சாவிக்கொத்தைத் தானே என் கையில் வைத்தார். தன் காரை எடுத்துவந்து பாக்கியத்தையும் பிள்ளையையும் ஏற்றினார். மாத்திரையின் காலி டப்பா ஒன்றை அவர் கையில் கொடுத்தேன். "டாக்டர்கிட்ட மத்தின்னு சொல்லவே சொல்லாதீங்க. இந்த டப்பாவைக் காட்டுங்க. இதோட வாயுவை ரெண்டு நாளா சுவாசிச்சிருக்கான்னு சொல்லுங்க."

பிள்ளையோடு போக வேண்டும் என்று எனக்குத் துடித்தது. போகவில்லை. குடோனுக்குள் வாயு அப்படியே இருந்தது. அவசரத்தில் கதவைத் திறந்தால் அத்தனையும் சந்துக்குள் பாயும். கடைசி வீடு வரை காலி என்று உறுதி செய்துகொண்டு, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, ஆள் இல்லாத முற்றத்துப் பக்கக் கதவை முதலில் திறக்க வேண்டும். தலைவன் அங்கேதான் நிற்க வேண்டும். என் ஆட்களில் ஒருவன் ஈரத் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு வீரமாக வந்தான். அதைப் பிடுங்கி எறிந்தேன். ஈரத் துணி தூசியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. தடுக்காததோடு, தடுக்கிறது என்ற தைரியத்தையும் கொடுக்கும். முகமூடி உள்ளவன் மட்டும் கதவருகே போனான். திறந்தோம், விலகி நின்றோம், காத்திருந்தோம்.

பிறகு சுவரைச் சோதித்தபோது காரணம் தெரிந்தது. கூரைக்குக் கீழே, எந்தக் காலத்திலோ உத்தரம் வைத்த ஓட்டை ஒன்றை மண்ணால் அடைத்து மேலே சுண்ணாம்பு பூசியிருந்தார்கள். கீழிருந்து பார்த்தால் சுவர்தான். மழையில் மண் ஊறிப் பாக்கியம் வீட்டுப் பரண்மேல் விழுந்திருந்தது.

நாங்கள் வேலையை முடிக்கும் நேரம் துரை வந்தான். துறைமுகத்திலேயே யாரோ சொல்லிவிட்டார்கள், மருந்துக்காரன் உன் பிள்ளைக்கு விஷம் வைத்துவிட்டான் என்று. நேராக வந்து என் சட்டையைப் பிடித்தான். சுமை தூக்குகிற கை, நான் நுனிக்காலில் நின்றேன்.

"அடிக்கணும்னா அப்புறம் அடி துரை. நான் எங்கயும் போகமாட்டேன். இப்ப ஆஸ்பத்திரிக்கு வா."

சைக்கிளை அவன்தான் மிதித்தான், நான் பின்னால் உட்கார்ந்தேன். வழியெல்லாம் அவன் அழுதுகொண்டே மிதித்தான்.

ஆஸ்பத்திரியில் மல்லிகாவுக்கு ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். அந்த டப்பா வராமல் இருந்திருந்தால் கெட்டுப்போன மீன் என்றே மருந்து கொடுத்திருப்போம் என்றார். "இந்த வாயுவுக்கு மாற்று மருந்து கிடையாது. நல்ல காற்றுதான் மருந்து. நெஞ்சில் நீர் கோக்காமல் இருக்க வேண்டும். பார்க்கலாம்" என்றார். அந்தப் 'பார்க்கலாம்' என்ற சொல்லை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது.

பாக்கியம் கட்டில் ஓரத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். "நாறுதுன்னு சொன்ன புள்ளைய அடிச்சேண்ணே" என்று ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் மல்லிகாவின் வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஏறியது, இறங்கியது, ஏறியது. என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை. நான் வைத்த மருந்து அது. சுவரில் ஓட்டை விழுந்தது, மழை பெய்தது என்று எத்தனை நியாயம் இருந்தாலும், வைத்த கை என்னுடையது.

பொழுது சாயும் முன், வார்டைக் கழுவ ஒரு அம்மா வாளியும் துடைப்பமுமாக வந்தாள். பினாயிலைத் தாராளமாக ஊற்றித் தேய்த்தாள். நானெல்லாம் இருமுகிற அளவுக்கு நெடி. அப்போது கட்டிலில் ஒரு அசைவு. மல்லிகா கண்ணைத் திறந்தாள். முகத்தைக் கோணலாகச் சுளித்தாள். ஒரு கையைத் தூக்கி, முகத்தில் வைத்திருந்த ஆக்சிஜன் முகமூடியை ஒதுக்கிவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, நாறுது."

பாக்கியம் அவளைக் கட்டிக்கொண்டு, "ஆமாடி தங்கம், நாறுது, நாறுது, நல்லா நாறுது" என்று அழுதாள். துரை கட்டில் கம்பியில் தலையை வைத்துக்கொண்டான். டாக்டர் வந்து நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டுவிட்டு, என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நான் தாழ்வாரத்துக்குப் போய், தூணுக்குப் பின்னால் நின்று, மனம் விட்டு அழுதேன்.

அந்தச் சரக்கு அடுத்த கப்பலில்தான் போனது. எங்கள் ஆபீசில் என்னைக் கூப்பிட்டு நிற்கவைத்துக் கேட்டார்கள். மேனேஜர் தானே நேரில் வந்து, இவன் திறக்காமல் இருந்தால் நான் இன்றைக்குப் போலீஸ் ஸ்டேஷனில் இருந்திருப்பேன் என்று சொன்னார். அதற்குப் பிறகு நான் ஒரு கட்டளை போட்டேன். குடோனோடு சுவரைப் பங்குபோடும் வீட்டில் ஆள் இருந்தால் என் கும்பல் மாத்திரை டப்பாவைத் திறக்காது. எத்தனையோ முதலாளிகள் கத்தினார்கள். கத்தட்டும் என்று விட்டேன். இன்றைக்கு உங்கள் பாடப் புத்தகத்தில் அது முதல் பக்கத்தில் இருக்கிறதாம், மகள் படித்துக் காட்டினாள். நாங்கள் அதைப் புத்தகம் பார்த்துக் கற்கவில்லை.

மூப்பன் விஷயத்தைக் கேள்விப்பட்டு, மறுநாள் காலையில் சாயாக்கடைக்கு வந்தார்.

"முதல்ல புது மூக்கைத் தேடினியா, புள்ளைய எடுத்தியா?"

"புள்ளைய எடுத்தேன் மூப்பா."

மூப்பன் கடைக்காரரிடம் திரும்பி, "இவன் என் ஆளு, கேட்டியா" என்றார். சாயாவுக்கும் அவரே காசு கொடுத்தார். அவர் யாருக்கும் வாங்கிக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

உங்கள் மீட்டரை நம்புங்கள். ஆனால் மீட்டரில் பாட்டரி தீரும், பள்ளிக்கூடம் போகாத பிள்ளையிடம் மீட்டர் இருக்காது. யாராவது நாறுகிறது என்றால் சண்டை போடாதீர்கள், நன்றி சொல்லிவிட்டு ஆளை வெளியே எடுங்கள். நாற்றம் போய்விட்டது என்று யாராவது சந்தோஷப்பட்டால், அப்போதுதான் உண்மையாகப் பயப்பட வேண்டும்.

மல்லிகா இப்போது இடப்பள்ளியில் குடியிருக்கிறாள். பேரப்பிள்ளை எடுத்துவிட்டாள். ஜங்ஷனில் அந்த நெரிசலில் எப்போதாவது எதிரே வருவாள். அவளுக்குப் பேச நேரம் இருக்காது, நான் கூப்பிட்டால் அந்தச் சத்தத்தில் கேட்கவும் கேட்காது. சாலைக்கு அந்தப் பக்கம் நின்று, என்னைப் பார்த்ததும் இரண்டு விரலால் மூக்கை இறுகப் பிடித்துக் காட்டுவாள். நானும் என் மூக்கைப் பிடித்துக் காட்டுவேன். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எங்கள் இருவரையும் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.